48 நாள் சவால் இருக்கட்டும், 49-ஆம் நாள் என்ன செய்வீர்கள்? அக்காவின் 12 டிப்ஸ்

செல்போனைத் திறந்தால் ‘75 ஹார்ட்’ என்ற சவால் கண்ணில் படாத நாள் இல்லை. ஆண்டி ஃப்ரிசெல்லா என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 2019-இல் கிளப்பிவிட்டது. தினமும் 45 நிமிடம் வீதம் இரண்டு வேளை உடற்பயிற்சி, அதில் ஒரு வேளை கட்டாயம் வெட்டவெளியில். ஏதாவது ஒரு உணவுக் கட்டுப்பாடு. நடுவில் சலுகை கிடையாது, மது கூடவே கூடாது. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணீர். புத்தகத்தில் 10 பக்கம். நாளுக்கு ஒரு போட்டோ. 75 நாளில் ஒரே ஒரு விதி ஒரே ஒரு நாள் தவறினாலும் கணக்கு மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

திருச்சியை அடுத்த துவாக்குடியில் என்.ஐ.டி. ஹாஸ்டல் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு ஷிப்ட் போகிற தம்பிகள் இருக்கிறார்கள். நாலரை மணிக்கு எழுந்து எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத் தானும் வேலைக்கு ஓடுகிற தங்கைகள் இருக்கிறார்கள். மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்வி: “இதை நாம செய்யலாமாக்கா?”

செய்யலாம். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்றபடி விதிகளை மாற்றிக்கொண்டு செய்யுங்கள். கடுமையான கட்டுப்பாடு நமக்கு ஒன்றும் புதிதில்லையே! சமயபுரத்து மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அம்மனுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். கார்த்திகை பிறந்தால் தெருவுக்குப் பத்து பேர் மாலை போட்டு, விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். ரம்ஜானில் மாதம் முழுக்க நோன்பு, தவக்காலத்தில் 40 நாள். இவை எதிலும் ஆள் தனியாகக் கிடந்து அல்லாடுவதில்லை. முடிக்கும் நாளுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும். இனி டிப்ஸ்.

1. நாள் குறிக்கும் முன் பிரஷர், சுகர் பாருங்கள்

பஞ்சாங்கம் பார்ப்பது அப்புறம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு ஆஸ்பத்திரியிலோ ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடுங்கள், காசு ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சில மாத்திரைகள் வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் விரதம், சவால் எதையும் பார்க்காமல் உடனே சர்க்கரையை வாயில் போடுங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தச் சவால் வேண்டாம். டாக்டர் சொல்லும் நடை போதும்.

2. 75 நாளுக்குப் பதில் ஒரு மண்டலம்

மருந்தானாலும் வழிபாடானாலும் நம் வீடுகளில் ஒரு மண்டலம், 48 நாள் என்பது பழகிய கணக்கு. ஆரம்பிக்கும்போதே முடிவு கண்ணுக்குத் தெரியும் தூரம். அதற்குள் பழக்கம் கெட்டிப்பட்டுவிடுமா என்றால், எல்லாம் படாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும். தினசரி உடற்பயிற்சி மெதுவாகத்தான் படியும். அதனால் 48 நாள் என்பது தொடக்கம்தான் என்பதை இப்போதே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஐந்து விதி, முடியாத நாளுக்குக் குட்டி விதி

விதிகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஐந்து போதும்: 30 நிமிட நடை, தட்டில் பாதி காய்கறி, இனிப்புப் பானம் கிடையாது, 10 பக்க வாசிப்பு, ஏழு மணி நேரத் தூக்கம். மது, சிகரெட் பற்றித் தனியாக விதி எழுத வேண்டியதில்லை. 48 நாளும் இரண்டும் கிடையாது, அவ்வளவுதான். தினமும் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென்று நிறுத்தும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம்.

இனி குட்டி விதி. பிள்ளைக்குக் காய்ச்சல், ஓவர்டைம், ஊரிலிருந்து விருந்தாளி என்று வீட்டில் ஏதாவது ஒன்று வந்தே தீரும். அன்றைக்கு 10 நிமிட நடையும், 2 பக்கமும், ஒரு கிண்ணம் காயும் போதும். குட்டி விதியை நிறைவேற்றினாலும் அந்த நாள் முழு நாள்தான். மாதவிடாய் நாளில் உடம்பு முடியவில்லையா, குட்டி விதி போதும்; தங்கைகள் இதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

4. மணியைப் பிடிக்காதீர்கள், வேலையைப் பிடியுங்கள்

“காலை அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்” என்ற சபதம் நைட் ஷிப்ட் வாரத்தில் முதல் நாளே உடையும். அதற்குப் பதில், தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு விதியை முடிந்துவிடுங்கள். பல் தேய்த்ததும் தண்ணீர். சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் நடை. பாயை விரித்ததும் புத்தகம். எந்த ஷிப்டாக இருந்தாலும் இந்த வேலைகள் நடந்துதானே ஆகும்?

நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்கள் முதலில் தூங்குங்கள். எழுந்த பிறகு நடை. ஜன்னலுக்குக் கனமான துணி, போன் வேறு அறையில். பகல் தூக்கத்தைக் கலைக்காமல் இருப்பது வீட்டிலுள்ளவர்கள் செய்யும் பெரிய உதவி. இரவு இரண்டு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுக் காலையில் நெஞ்செரிச்சல் என்றால் சவால் என்ன செய்யும்? டிபன் பாக்ஸில் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ வீட்டிலிருந்தே போகட்டும்.

5. வெயிலுக்கு முன் நடங்கள்

75 ஹார்ட் கேட்பது வாரத்துக்கு 630 நிமிட உடற்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது மிதமான வேகத்தில் வாரம் 150 முதல் 300 நிமிடம்தான். எட்டு மணி நேரம் நின்றபடி வெல்டிங் அடிக்கிற உடம்புக்கு 630 நிமிடம் எதற்கு? தினமும் 30 நிமிடம் நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம் வந்துவிடும். வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், இல்லையென்றால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நடங்கள். தஞ்சாவூர் மெயின் ரோட்டில் லாரியோடு போட்டி போட வேண்டாம். உள் தெருக்களே நல்லது. தங்கைகள் இருட்டில் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் படிக்கட்டில் ஏறி இறங்கலாம். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை: உத்திர வீதியோ சித்திரை வீதியோ ஒரு சுற்று வந்தால் நடையும் ஆச்சு, பிரதட்சிணமும் ஆச்சு. முழங்கால் நன்றாக இருந்தால் மாதம் ஒருமுறை மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார். நானூறுக்கும் மேற்பட்ட படி. முதல் வாரம் எத்தனை இடத்தில் நின்றீர்கள், கடைசி வாரம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் 30 நிமிடத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை இந்த நடை அடக்கும்.

6. வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம்

நடை மட்டும் போதாது. தசைக்கும் வேலை வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் அது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையிலும் இருக்கிறது. ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தை நிதானமாகப் பத்து போடுங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பத்து. சுவரில் கை ஊன்றித் தண்டால் பத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

7. தட்டை முதலில் காயால் நிரப்புங்கள்

நம் வீட்டில் முதலில் விழுவது சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் தலைகீழாக்குங்கள். பாதித் தட்டுக்குக் கீரை, அவரை, புடலை, வெண்டை என்று எது மலிவோ அது. கால் தட்டுக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மீதிக் கால் தட்டுக்குச் சோறு. குழம்பு ஊற்றிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? இரண்டாவது முறை சோறு போடும் கரண்டி மட்டும் வர வேண்டாம்.

உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் இருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் மாதத்துக்கு இரண்டு லிட்டர் பாக்கெட்தான் வாங்க வேண்டும். வாங்கும்போதே குறைத்துவிட்டால் சமைக்கும்போது மனதோடு சண்டை போட வேண்டியதில்லை.

டீக்கடைக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு மூன்று டீ என்றால் ஆறு ஸ்பூன், ஏறக்குறைய 30 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள், டீயிலேயே தாண்டிவிட்டது. முதல் வாரம் “மாஸ்டர், சக்கரை கம்மி” என்று சொல்லுங்கள். மூன்றாவது வாரம் “சக்கரை இல்லாம” என்று சொல்லும்போது நாக்கு பழகியிருக்கும்.

8. 3.8 லிட்டர் எல்லோருக்கும் சரிப்படாது

ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பட்டறைச் சூட்டில் நிற்பவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? சிறுநீர் வெளிறிய மஞ்சளில் போனால் தண்ணீர் போதும். அடர்ந்து போனால் குடியுங்கள். ராத்திரி கணக்கு முடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, தலைவலி, குழப்பம் வரை கொண்டுபோய் விடும். வியர்த்துக் கொட்டும் வேலையில் இருப்பவர்கள் வெறும் தண்ணீரோடு நீர்மோரும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பானைத் தண்ணீருக்கும் நீராகாரத்துக்கும் மேல் எந்த பாட்டில் பானமும் இல்லை.

9. 10 பக்கம், பிடித்த புத்தகத்தில்

சுயமுன்னேற்றப் புத்தகம்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த விதியின் உண்மையான வேலை, படுக்கும் முன் கையிலிருந்து போனை வாங்கி வைப்பது. கதை என்றால் இன்னும் சுலபம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ எடுங்கள்; 10 பக்கத்தில் நிறுத்த முடிந்தால் அதுவே தனிச் சவால். கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிட்டால் புத்தகத்துக்கும் செலவில்லை.

10. போட்டோவுக்குப் பதில் தையல்கார டேப்

தினமும் கண்ணாடி முன் நின்று போட்டோ எடுத்து நேற்றைய வயிற்றோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் மனசுதான் வாடும். வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டக் கூடாது. எடை குறையாத வாரத்திலும் இடுப்பு அரை இஞ்ச் குறைந்திருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் ஹெச்.பி.ஏ1சி பரிசோதனையை 48-ஆம் நாள் செய்துவிட்டு ஏமாற வேண்டாம். அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. தொடங்கும்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று.

தினசரிக் கணக்குக்கு ஆப் எதுவும் வேண்டாம். சுவரில் மாதக் காலண்டர் இருக்கிறது, நூலில் பேனா தொங்கட்டும். ஐந்து விதியும் முடிந்தால் அன்றைய கட்டத்தில் நீலத்தில் ஒரு டிக். குட்டி விதியோடு முடித்த நாளில் ஒரு புள்ளி. பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் இருக்கிற அதே காலண்டராக இருந்தால் வீட்டில் எல்லோர் கண்ணும் அதில் படும். “என்னம்மா, நேத்து ஒண்ணும் காணோம்?” என்று பிள்ளை கேட்கும்.

11. மாலை போட்ட சாமியிடம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள்

வருஷம் முழுக்க நாளைக்குப் பத்து சிகரெட் பிடிக்கிறவர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதும் எப்படி நிறுத்துகிறார்? பக்தி முக்கியக் காரணம். கூடவே ஊர் செய்யும் வேலையும் இருக்கிறது. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் “வாங்க சாமி” என்கிறார், சாமிக்கென்று டம்ளரைத் தனியாகக் கழுவி வைக்கிறார். கூட்டாளி சிகரெட்டை மறைத்துக்கொண்டு தள்ளிப் போகிறான். வீட்டில் கவிச்சி நிற்கிறது. ஒருத்தர் விரதத்துக்கு ஊரே காவல்.

நம் சவாலுக்கும் அந்தக் காவலைத் தேடிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லுங்கள், டீ மாஸ்டரிடம் சொல்லுங்கள், ஹாஸ்டல் அறைத்தோழியிடம் சொல்லுங்கள். முடிந்தால் மூன்று பேராகச் சேர்ந்து தொடங்குங்கள். தம்பிமார்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் சவாலுக்காக வீட்டில் இரண்டு சமையல் செய்ய வைக்காதீர்கள். காயை நீங்கள் நறுக்குங்கள். அப்போதுதான் உங்கள் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடக்க அரை மணி நேரம் கிடைக்கும்.

12. ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடருங்கள்

75 ஹார்டில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விதி, பழையபடி ஒன்றிலிருந்து தொடங்கு என்பதுதான். 40 நாள் நடந்தவனுக்கு 41-ஆம் நாள் டைபாய்டு வந்தால் அந்த 40 நாள் நடை காலை விட்டுப் போய்விடுமா? மேலே சொன்ன லண்டன் ஆய்விலேயே, இடையில் ஒரு முறை விட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று கண்டார்கள். அதனால் ஒரு நாள் விடலாம்; நோயில் படுத்தாலொழிய அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது. கண்டிப்பு வேண்டுமா? இந்த இடத்தில் வையுங்கள்.

49-ஆம் நாளுக்கு ஒரு பாரணை

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மாலை கழற்றிய அன்று ராத்திரியே பாட்டிலோடு உட்காருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அத்தனை நாள் கட்டுப்பாடும் ஒரே ராத்திரியில் கை நழுவிப் போகிறது. 75 நாள் சவாலை முடித்தவர்களுக்கும் அதே ஆபத்துதான். முடித்த அன்று பிரியாணி, ஐஸ்கிரீம், மறுநாள் நடைக்கு லீவு, அதற்கு அடுத்த நாளும் லீவு.

இதற்கு வழி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தவர்கள் மறுநாள் துவாதசியில் கண்டதையும் சாப்பிட்டு விரதத்தை முடிப்பதில்லை. பாரணைக்கென்று நேரம் இருக்கிறது. இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இருக்க வேண்டும் என்ற முறை இருக்கிறது. விரதத்தை முடிப்பதற்கும் விதி வைத்தார்கள் நம் பெரியவர்கள்.

நீங்களும் முதல் நாளே ஒரு தாளில் 49-ஆம் நாள் திட்டத்தை எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகிவையுங்கள். ஐந்து விதியில் எந்த இரண்டு ஆயுளுக்கும்? என்னைக் கேட்டால் நடையும் தூக்கமும். எந்த இரண்டு வாரத்தில் ஆறு நாளுக்கு? காய்கறித் தட்டும் இனிப்பில்லாத டீயும். ஏழாவது நாள் மணப்பாறை முறுக்கோ கல்யாணப் பந்தியோ, மனசு நிறையச் சாப்பிடுங்கள். மிச்சம் இருக்கும் ஒன்றை உங்கள் இஷ்டத்துக்கு விடுங்கள். மது, சிகரெட்டை 48 நாள் நிறுத்த முடிந்தவருக்கு 49-ஆம் நாள் அது தேவையே இல்லை என்பது அக்காவின் தீர்ப்பு.

தம்பி, தங்கைகளே, 48 நாளை யார் வேண்டுமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம். உங்கள் சவால் ஜெயித்ததா என்று அடுத்த தீபாவளிக்கு இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நல்ல நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.